பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

"இதுல பாட்டு எங்க, மகள், ஈக்கிது?" என்று ஹாஷிம் நானா ஒருநாள் என்னிடம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டு நின்றார்.

வெள்ளவத்தையில் அவருக்கு ஒரு றெக்கோடிங் பார் இருந்தது. ஆட்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். நாங்கள் வெறுங் கசற்றில் பதிந்து கொடுப்போம். பதிந்ததைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் கேட்டுப் பார்ப்பது பின் அறையில் இருந்த என் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு, அதிலும் ஆட்களோடு கதைக்க வராதவளுக்கு, கொழும்பில் அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

அன்று மேசையில் கிடந்தது என் அண்ணா றேமண்டின் கசற். அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு பங்க் றொக் குழு வைத்திருந்தார்கள். அண்ணா கிற்றாரும் குரலும், அசங்க ட்ரம்ஸ், அலவி பேஸ். கொம்பனித்தெருவில் அலவியின் வாப்பாவுடைய டயர்க் கடைக்கு மேலே இருந்த அறையில் ஒத்திகை பார்த்தார்கள். அந்த அறையிலேயே எல்லாவற்றையும் தாங்களே பதிந்தார்கள். எந்தக் கம்பனியும் அதை எடுக்காது என்று அவர்களுக்கு முதலே தெரியும். குழுவின் பெயர் 'பவர்கட்'. கசற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. போட்டோகொப்பி மெஷினின் மூடியைத் திறந்தபடி எடுத்த வெறும் கறுப்புத் தாள்தான் அட்டை.

ஹாஷிம் நானா கேட்டதில் குற்றம் சொல்ல முடியாது. முதல் தடவை கேட்டபோது எனக்கும் அது கியர் விழாத பஸ் ஒன்றின் சத்தமாகத்தான் இருந்தது. தமிழும் சிங்களமும் இங்கிலிஷும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. அண்ணாவின் குரல் தொண்டையில் மண் போட்டது போலக் கரகரத்தது. ஆனால் பிரதி எடுக்கும்போது ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது பாட்டில் ட்ரம்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடியைத் தவறவிட்டது. அசங்கவின் பிழை என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் அந்த அடி விழ வேண்டிய இடத்தில் என் கால் தானாகத் தரையைத் தட்டியது. கேட்கிறவர் அடிக்கட்டும் என்றுதான் அதை விட்டிருக்கிறார்கள். அது விளங்கியதும் கசற் முழுவதும் வேறாகிவிட்டது. சோதனைச் சாவடியில் கேட்கும் கேள்விகளை மட்டும், எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது வந்தாய் என்று, சின்னப்பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டு மெட்டில் மூன்று பேரும் பாடியிருந்தார்கள். பஸ்ஸில் அது ஞாபகத்துக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. சாவடியில் இறங்கி வரிசையில் நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. மெட்டு நிற்கவில்லை.

பி பக்கத்தின் கடைசிப் பாட்டைத்தான் ஹாஷிம் நானாவால் தாங்க முடியவில்லை. அதில் அசங்க சிங்களத்தில் ஒரே வசனத்தைக் கத்துவார். "சிந்துவக் கியபன்." பாட்டு ஒன்று பாடடா என்று அர்த்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் கத்துவார். மறுபடியும் ஒன்றுமில்லை. பக்கம் முடியும்வரை இப்படியே போகும். நானா மெஷினின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். வயரை மாற்றிப் பார்த்தார். கடைசியில், பதிந்த அறையிலேயே பிழை நடந்திருக்கிறது, பாவம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று முடிவு கட்டினார்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தின் முடிவில் நாடா மிஞ்சினால் அதை வெறுமையாகக் கொடுப்பதில்லை. நானா தன் கணக்கில் ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். சும்மா ஓடும் நாடா கடைக்கு மரியாதை இல்லை என்பார். அன்றும் நல்ல மனத்தோடுதான் கலியாண வீடுகளில் ஆடப் போடும் பைலாப் பாட்டுக் கசற் ஒன்றைத் தேடி எடுத்தார். அந்த இடைவெளிகளை அதால் அடைத்துவிடலாம் என்றார்.

"வேணாம் நானா," என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது வெறுமை இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதியாத நாடாவின் இரைச்சல் ஒரு மாதிரி, ஆள் இருக்கும் அறையின் அமைதி இன்னொரு மாதிரி என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வரவில்லை. ஹெட்போனை அவர் காதில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அசங்கவின் கத்தலுக்குப் பிறகு ஒருவர் மூச்சை இழுப்பது கேட்கும். பாடப்போகிறவர் இழுக்கும் மூச்சு. வாய் திறக்கும் சின்ன ஈரச் சத்தம். பாட்டு வராது. மூச்சு மட்டும் திரும்பப் போகும்.

ஹாஷிம் நானா கொஞ்ச நேரம் கேட்டார். பைலா கசற்றை அதன் பெட்டிக்குள் போட்டு மூடினார். "இது ஒங்கட நானாவா?" என்று என் அண்ணாவைக் குறித்து மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அந்தக் கத்தல் எங்கேயிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. 

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த வருடம், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து அண்ணாவைக் கொண்டுபோனார்கள். எந்தப் பொலிஸில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே நாட்கள் பிடித்தன. அம்மா அலைந்து திரிந்ததால் வீட்டில் நான் இருக்க வேண்டி வந்தது. என் படிப்பும் அதோடு போனது. அந்த நாட்களில் அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார். மகன் உயிரோடு வந்தால், திருநாள் பூசையில் நற்கருணை நன்மை எடுக்கும் நேரம் பாடும் பாட்டை அவன் தனியாகப் பாடுவான். சின்ன வயதிலிருந்தே எங்கள் பங்குக் குவாயரில் அந்தப் பாட்டு அண்ணாவுடையது. அவ்வளவு நல்ல குரல்.

அண்ணா வந்தார். முதல் வருடத் திருநாளுக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். அடுத்த வருடம் இந்தக் கசற் வேலையில் இருந்தார். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. அம்மா கெஞ்சினார், ஏசினார், பட்டினி கிடந்தார். நேர்த்தியைத் தீர்க்காவிட்டால் கொடுத்தவரே திருப்பி எடுத்துவிடுவார் என்பது அவருடைய பயம். ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால் அண்ணாவைத்தான் திரும்பிப் பார்ப்பார். நான் உன்னைப் பாடச் சொல்வது எனக்காகவா என்று கேட்பார். இந்த முறை அண்ணாவிடம் கேட்காமலே குவாயர் மாஸ்டரிடம் பெயர் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகை. பாடு அல்லது இந்த வீட்டில் இராதே என்பதுவரை பேச்சு வளர்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை அண்ணா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா குசினி வாசலில் குந்தியிருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே நடந்தது அண்ணாவின் வாயால் ஒருநாளும் வராது, என் வாயாலும் வராது. கசற்றை றேடியோவில் போட்டுக் கடைசிப் பாட்டுக்கு ஓட்டினேன்.

"ஆரடி இது இப்பிடிக் கத்துறது? நிப்பாட்டு," என்றார் அம்மா. அசங்க என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்ட பிள்ளை இப்படிக் கத்துவானா என்றார். இரண்டாவது தடவையும் கத்தல் வந்தது. அதன் பிறகு வந்த மூச்சில் அம்மாவின் கை நின்றது. சின்ன வயதில் அண்ணாவுக்கு இழுப்பு இருந்தது. அந்த மூச்சை நெஞ்சில் போட்டுக்கொண்டு நித்திரை இல்லாமல் இருந்தவர் அம்மா. ஹாஷிம் நானாவுக்குக் காட்டியது போல அவருக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அண்ணா துவாயோடு வந்து நின்றார். என்னைப் பார்த்த பார்வையில் கோபமா வெட்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. றேடியோவை நிறுத்தக் கையை நீட்டினார்.

"விடு. ஓடட்டும்," என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "அங்க உன்னைப் பாடச் சொன்னவங்களா?"

"ஓம்."

"ஒருக்காவா?"

"ஒவ்வொரு நாளும். பின்னேரம், அவையள் டியூட்டி மாறேக்க."

"பாடினியா?"

"பாடாட்டி மற்றப் பொடியங்களுக்கு அடிச்சவங்கள், அம்மா."

மூச்சு வந்தது. போனது. அசங்க மறுபடியும் கத்தினார். அண்ணா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன பாட்டுப் பாடினனி?"

அண்ணா துவாயின் நுனியால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு முழுசாத் தெரிஞ்சது அந்த நன்மைப் பாட்டு ஒண்டுதானே," என்றார்.

அம்மா உடைத்த இறாலைச் சட்டியில் போட்டு மூடினார். முகத்தில் நான் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது, முன்னைவிடப் பெரிதாக.

"அந்தோனியார் கேட்டதைத் தந்திட்டார், மகன். நான் இனி அவற்ற முன்னால என்னத்தைச் சொல்லிக்கொண்டு நிக்க?"

"எனக்குத் தெரியாதம்மா," என்றார் அண்ணா. "தெரிஞ்சா இந்தக் கசற்றைச் செய்திருக்க மாட்டன்."

 கசற் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா குந்தியிருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய தோள்கள் கொஞ்சம் உயர்ந்து தாழ்ந்தன. அண்ணாவும் நின்ற இடத்திலேயே நின்று தன் பாட்டை முழுவதும் கேட்டார். பக்கம் முடிந்து பட்டன் தானாக மேலே எழும்பியபோது மூவரும் ஒருசேரத் திடுக்கிட்டோம்.

அம்மா கை கழுவினார். இறால் மணம் போகத் தேசிக்காய்த் தோலைத் தேய்த்து மறுபடியும் கழுவினார். வீட்டில் உடுத்தியிருந்த சட்டையோடேயே செருப்பைப் போட்டார். கோயிலுக்குப் போடும் முக்காட்டை எடுக்கவில்லை. அடையாள அட்டை வைக்கும் கைப்பையையும் எடுக்கவில்லை. அட்டை இல்லாமல் அவர் வாசலைத் தாண்டியதை அதுவரை நான் கண்டதில்லை. எட்டிப் பார்த்தேன். குவாயர் மாஸ்டரின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் அவர் வேகமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒத்திகைக்கு இன்னும் நேரம் இருந்தது; கொடுத்த பெயரைத் திருப்பி எடுக்க அது போதும்.