மணிக்குள் இருந்தது

"மணியை உடைச்சு உள்ள இருக்கிற முடியை எடுத்துத் தரணும்கா" என்று உஷாராணி சொன்னபோது தாமரையின் கையிலிருந்த தேத்தண்ணீர் தளும்பி மேசையில் கொட்டியது.

உஷாராணி அதைக் கவனிக்கவில்லை. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நடுவில் நெல்லிக்காய் அளவில் சந்தன நிற மணி ஒன்று. அதற்கு இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பி சுற்றிய சின்ன மணிகள், இடையிடையே ஜரிகை இழையோடும் சொங்கெட் துணியைச் சுருட்டிச் செய்த குழல்கள். தாமரை செய்த மாலைகளிலேயே அழகானது அதுதான். அதை அவள் நினைக்கவே விரும்புவதில்லை என்பது அவள் புருஷன் வாசுவுக்குக்கூடத் தெரியாது.

"ஏன்மா, நல்லாதானே இருக்கு?"

"நல்லாதான் இருக்கு. நான் மணியக் கண்ணுல ஒத்திக்கிறத அத்தை பாத்துட்டாங்க."

தாமரை மலேசியாவில், கிள்ளான் மேரு சாலைப் பக்கம் தன் வீட்டு முன்னறையிலேயே பாலிமர் கிளே என்கிற செயற்கைக் களிமண்ணில் மணியும் தோடும் செய்து விற்பவள். கிளேயைப் பிசைந்து, உருட்டி, ஊசியால் துளை போட்டு, சின்ன ஓவனில் சுட்டு எடுப்பாள். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. வாய்த்திறமையோ அதற்கு ஒரு படி மேல். செல்போனை நிறுத்திவைத்து நேரலையில் பேச ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் வாங்காமல் நகர மாட்டார்கள். தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் கடை போட்டிருந்தபோதுதான் உஷாராணி வந்தாள். அங்கே ஒரு தையல் கடையில் வேலை செய்கிற பெண். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாள். பிறகு கைப்பையிலிருந்து மடித்த டிஷ்யூ ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

உள்ளே ஒரு சுருள் முடி. பட்டு நூல் மாதிரி இருந்தது.

"என் மகனோட முடிக்கா. பத்துமலையில மொட்டை போட்டப்ப எடுத்தது" என்றாள்.

மகன் பெயர் தனேஷ். நேர்ந்துகொண்டபடி ஒரு வயதில் முருகனுக்கு முடி இறக்கினார்கள். அந்த முடி சாமிக்குச் சேர வேண்டியது, ஒரு இழைகூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பெற்ற மனம் கேட்கவில்லை. யாரும் பார்க்காதபோது ஒரு கொத்தை எடுத்து ஒளித்துக்கொண்டாள். பிள்ளைக்கு நாலு வயது ஆனபோது டெங்கி வந்தது. ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை. மிஞ்சியது அந்தக் கொத்துதான்.

"வெளியில தெரியக் கூடாதுக்கா. மணிக்கு உள்ள வச்சு மூடிடுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாமரை கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் பிறகு அவளை அதிகமாக வாட்டியது.

அந்த மணியைத் தனியாகச் சுட்டிருக்க வேண்டும். தாமரைக்கே தெரியும். ஓவனில் திருகு காட்டுகிற சூடு ஒன்று, உள்ளே இருக்கிற சூடு வேறு. அதனால்தான் கிளே வேலை செய்கிறவர்கள் ஓவனுக்குள் தனியாக ஒரு வெப்பமானி வைப்பார்கள். தாமரையின் வெப்பமானி உடைந்து இரண்டு வாரம். நாளைக்கு வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டாள். அன்றைக்கு மதியம் தட்டு நிறைய ஜிமிக்கி. சந்தன மணிக்கு இடமில்லாமல், ஓவனின் சூடேறும் மேல்கம்பிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஏற்றிவைத்துவிட்டு நேரலைக்கு உட்கார்ந்தாள். "அக்காமாரே, இந்தக் கலர் பாருங்க, இந்தத் தீபாவளிக்கு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கப்போவுது" என்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது நாற்றம் வந்தது. கருகிய கிளேயின் புகை தொண்டையை அறுக்கும். சமையலறைக்கு ஓடினாள். ஜிமிக்கிகள் லேசாக நிறம் மாறியதோடு தப்பின. சந்தன மணி மட்டும் கொப்புளித்துக் கரிக்கட்டையாகியிருந்தது. ஆறியபின் உடைத்துப் பார்த்தாள். உள்ளே முடி இல்லை. விரலில் ஒட்டிய கறுப்புப் பொடிதான் இருந்தது.

மறுநாள் புதிதாக ஒரு மணி செய்தாள். நடுவில் குழி எடுத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெறும் குழியாக மூட மனம் வரவில்லை. பூஜை அறையிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து வைத்து மூடிச் சுட்டாள். இம்முறை புது வெப்பமானி வாங்கிவந்து, பக்கத்திலேயே காவல் இருந்தாள். அந்தச் சிட்டிகையால் தன் குற்றத்தைப் பூசி மெழுகியாயிற்று என்று நினைத்தாளோ என்னவோ! மாலையை வாங்கிக்கொண்ட உஷாராணி அந்த மணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது தாமரைக்குத் தலை நிமிரவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. இப்போது அதே மணி மேசைமேல் இருந்தது.

"அத்தை உள்ள என்னான்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல" என்றாள் உஷாராணி. "'சாமிக்குச் சேர வேண்டியத திருடிட்டே. அதான் சாமி பிள்ளையவே எடுத்துக்கிச்சு'ன்னு சொல்லிட்டாங்க. மூணு வாரமா என் கையால பச்சைத் தண்ணிகூட குடிக்கல. நாளைக்கு இத பத்துமலையில சேர்த்துட்டு, நானும் மொட்டை போட்டுக்கலாம்னு இருக்கேன். அப்பவாச்சும் அவங்க மனசு ஆறுமான்னு பாக்கலாம்."

அத்தை நல்லம்மாளைத் தாமரை பார்த்ததில்லை. சுங்கை வேயில் இருக்கிற மாமியார், மகனும் மருமகளும் அவளோடுதான் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

"நான் குசினியில போய் வெட்டி எடுத்துட்டு வரேன்மா" என்று தாமரை எழுந்தாள். சமையலறை ஜன்னலில் அவள் மகளின் சீப்பு இருந்தது. அதில் முடியும் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு தனக்கு எவ்வளவு வேகமாக வந்தது என்பதைக் கண்டு அவளுக்கே கூசியது.

"வேணாம்கா. இங்கயே வெட்டுங்க. கண்ணால பாத்தியான்னு அத்தை கேப்பாங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, தாமரை மெல்லிய பிளேடை எடுத்தாள். முடி உள்ளேயே மக்கிப்போயிருக்கும் என்று சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். மணி இரண்டாகப் பிளந்தது. வெள்ளைத் துணியின்மேல் திருநீறு கொட்டியது.

உஷாராணி குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டாள்.

"முருகா..."

தாமரைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"வாங்கிக்கிட்டாருக்கா! என் பிள்ளை முடியை அவரே வாங்கிக்கிட்டு திருநீறா குடுத்துட்டாரு! என்மேல அவருக்குக் கோவம் இல்லக்கா!" உஷாராணி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். திருநீற்றைத் தொட்டுத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். தாமரையின் நெற்றியிலும் இட்டாள். "உங்க கை புண்ணியக் கைக்கா" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாமரை தாங்கியிருப்பாள். முத்தத்தைத் தாங்க முடியவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை.

அதற்குள் உஷாராணி போனை எடுத்துவிட்டாள். வீடியோ அழைப்பில் ஒரு மூக்குத்தி முகம் வந்தது. நெற்றியும் கூரையுமாக மாறி மாறித் தெரிந்தது.

"அத்தை, இங்க பாருங்க. இது என்னான்னு பாருங்க!"

நடந்ததை அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். நல்லம்மாள் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடு" என்றாள். உஷாராணி போனைப் பிடித்தபடியே தாமரையின் பக்கம் திருப்பியதும், நல்லம்மாள் கேட்டாள்: "ஏம்மா, நீதானே செஞ்சே? உண்மையைச் சொல்லு. முடியத்தான் உள்ள வச்சியா?"

உஷாராணி தாமரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகப் பட்டினி கிடந்தவளுக்குச் சோறு வந்த மாதிரி அந்த முகம் இருந்தது. இந்தச் சோற்றைத் தட்டிவிட யாருக்கு மனம் வரும் என்று தாமரை தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அவளுக்காகத்தான் சொல்கிறேன், எனக்காக இல்லை என்றும் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள்.

"முடியத்தான் வச்சேன் ஆன்டி."

உஷாராணி போனை எட்டிப் பார்த்தாள். அதில் அழுகை கேட்டது. வயதானவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை.

"அப்ப உன்மேல தப்பில்ல உஷா. என்மேலதான்."

"என்னாத்த அத்தை சொல்றீங்க?"

"நானும் எடுத்தேன். அன்னைக்கு நானும் ஒரு கொத்து எடுத்து முந்தானையில முடிஞ்சுகிட்டேன். இப்பவும் பீரோவுலதான் இருக்கு. பிள்ளை போனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. உன் சங்கதி தெரிஞ்சதும் பழியைத் தூக்கி உன்மேல போட்டுட்டேன். உன்னத சாமி வாங்கிக்கிச்சு. என்னத வாங்கல. அது அப்படியே முடியாத்தான் இருக்கு. அப்ப என்னாலதான்டி பிள்ளை போச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

"அத்தை, அப்படிச் சொல்லாதீங்க..."

"நான்தான்டி!"

தாமரை போனைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டு வாங்க அவளுக்குப் பொறுமையில்லை.

"ஆன்டி, அழாதீங்க. நான் சொன்னது பொய். அது முருகன் குடுத்ததில்ல. எங்க வீட்டுத் திருநீறு. நான்தான் உள்ள வச்சேன்."

சொல்லிவிட்டாள். நிறுத்தினால் மறுபடி சொல்ல வாய் வராது என்று எல்லாவற்றையும் சொன்னாள். உடைந்த வெப்பமானியை, நேரலையை, கருகிய மணியைச் சொன்னாள். சொல்லும்போது உஷாராணியின் பக்கம் திரும்பவில்லை. போனில் தெரிந்த கூரையைப் பார்த்தே சொன்னாள்.

நல்லம்மாளின் அழுகை நின்றது. "கருகினத எங்க போட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

உஷாராணி போனை அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் வீட்டுக்கு வரேன். அந்த முடியை எடுத்து வைங்க. யாருகிட்டயும் குடுக்காதீங்க. நான் பாக்கணும்." போனை வைத்தாள்.

அவள் கத்துவாள் என்று தாமரை காத்திருந்தாள். கத்தினால் தேவலை. வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்ல நினைத்தாள், அந்த நினைப்பே அசிங்கமாக இருந்தது. உஷாராணி பைக்குள் போனைப் போட்டாள். மாலையைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அத்தை கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே."

"குப்பையில போட்டேன்மா" என்றாள் தாமரை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இதற்குமேல் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. "மறுநாள் காலையில குப்பை லோரி வந்துச்சு. சத்தம் கேட்டுச்சு. ஓடிப் போயிருந்தா பையை எடுத்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரங்க பாப்பாங்க, என்னா ஏதுன்னு கேப்பாங்கன்னு ஜன்னல்கிட்டயே நின்னுட்டேன். லோரி போறவரைக்கும் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

உஷாராணி சாலையைப் பார்த்தாள். லோரி இப்போதுதான் திரும்பிப் போனது போல அந்தத் திருப்பம்வரைக்கும் பார்த்தாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா" என்றாள். "பொடியா இருந்தாலும் நான் வந்து பொறுக்கியிருப்பேன்லா."

அவள் நடந்து போனாள். இத்தனைக்கும் பிறகு அவள் வாயில் அக்கா என்றுதான் வந்தது. தாமரை கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து என்ன தாமரை, ஏன் அழுகிறாய் என்று கேட்டபோது, அவளுக்கு முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.