கறியில்லாத கறி

தேனி கடைவீதியில் ஜோயலும் மகிமாவும் இருபத்திரண்டு வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறார்கள். அந்தக் கடையில் எந்தச் சரக்கும் மகிமாவின் நாக்கைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போகும். மிளகாய்ப் பொடியானாலும் ஊறுகாயானாலும் ஒரு துளி வாயில் போட்டுப் பார்ப்பாள். பிடிக்கவில்லையென்றால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். இது ஜோயலுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவள் சின்னமனூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் பார்த்து, ஆள் உயரப் பிரீசர் ஒன்றைக் கடைக்குள் இறக்கிவிட்டார்.

திரும்பி வந்தவள் அதன் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே பளபளக்கும் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் பொன்னிறமாய் வறுபட்ட கறியின் படம். மூலையில் பச்சைப் புள்ளி.

"கறியா இது? சைவமா? ஏதாவது ஒண்ணா இருக்கணும்ல."

"ரெண்டும்தான்" என்றார் ஜோயல். "பட்டாணியிலயும் சோயாவுலயும் செஞ்சது. கறி மாதிரியே இருக்குமாம். காலைச் சாப்பாட்டுக்குன்னே இறக்கியிருக்காக. சட்டியில போட்டு எடுத்தா பத்து நிமிஷம்."

அவர் முகத்தைப் பார்த்ததும் மகிமாவுக்குக் காரணம் புரிந்ததுபோல் இருந்தது. போன வருஷம் மதுரையில் ஜோயலுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆட்டுக்கறி பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அதுவரை ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்தால் அந்த வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும்தான். அன்றோடு மகிமா கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பத்து மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் தக்காளிச் சட்டினிதான். பாவம், ஆசை விடவில்லை மனுஷனுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மூன்று பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

முதலில் சாசேஜ். வெளிறிய ரோஜா நிறத்தில், பனிப்பொடி ஒட்டி, விறைத்துப்போன விரல்கள் மாதிரி ஆறு கிடந்தன. எண்ணெயில் போட்டதும் சட்டியிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. மழையில் நனைந்த பிண்ணாக்கு மூட்டையை வெயிலில் பிரித்தால் வருமே, அந்த வாடை. அதற்கு மேலே, வயர் கருகினாற்போல ஒரு புகைநாற்றம். புகையில் வாட்டிய சுவை என்று பாக்கெட்டில் போட்டிருந்தது.

மகிமா ஒன்றை எடுத்துக் கடித்தாள். தோல் பலூன்போல இழுத்துக்கொண்டு நின்று, பட்டென்று விட்டது. உள்ளிருந்து வெதுவெதுப்பான எண்ணெய் நாக்கில் வழிந்தது. அதற்குப் பிறகு மென்றதெல்லாம் பஞ்சு. பல் அழுத்தினால் அமுங்கியது, பல்லை எடுத்தால் மறுபடி எழும்பியது. வாய்க்குள் ஏதோ உயிரோடு கிடப்பதுபோல் இருந்தது. தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.

"சூட்டோட சாப்பிட்டிருப்ப" என்றார் ஜோயல்.

இரண்டாவது, முட்டையில்லாத முட்டை. பாசிப்பருப்பில் செய்த மஞ்சள் கூழ். தோசைக்கல்லில் ஊற்றினாள். ஆம்லெட்டுபோல உப்பவில்லை, பொரியவில்லை. பசை காய்வதுபோல ஓரத்திலிருந்து இறுகிக்கொண்டு வந்தது. முட்டை வாசம் வரவேண்டுமென்று எதையோ சேர்த்திருந்தார்கள். கூமுட்டை உடைந்த வாசம்தான் வந்தது. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு ஒரு விள்ளல் எடுத்து வைத்தாள். மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விரலை விட்டு வழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, வட்டமான கறி வடை. அதை அமுக்கினால் சிவப்பாய்ச் சாறு கசிந்தது. பீட்ரூட் சாயம்தான். ஆனால் வேகாத கறியிலிருந்து இரத்தம் கசிவது மாதிரியே கசிந்தது. அறுப்புக்கடைக்குப் போய்ப் பழகிய மகிமாவே தட்டைத் தள்ளி வைத்தாள். பட்டாணிச் செடிக்கு எதற்கு இரத்தம்? அதை அவள் வாயில் வைக்கவேயில்லை.

ஜோயல் மூன்றையும் தட்டில் வாங்கி உட்கார்ந்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். நெற்றி வியர்த்தது. விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியதை மகிமா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"பழகினா சரியாயிரும்" என்றார், கண்ணில் நீர் கோத்திருக்க.

"மருந்தா இது, பழகிக்கிடுறதுக்கு? அந்தப் பிரீசரைத் திருப்பி அனுப்புங்க."

"வைகுண்டராஜ்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை கடையில வச்சே எல்லாருக்கும் ருசி காட்டப் போறாரு. அதையும் பாத்துட்டு முடிவு பண்ணுவோம், புள்ள."

வைகுண்டராஜ் அந்தக் கம்பெனியின் ஏஜென்ட். திங்கட்கிழமை பத்து மணிக்கே மின்சார அடுப்போடு வந்து கடைவாசலில் மேசை போட்டுவிட்டார். சாசேஜைத் துண்டு துண்டாக நறுக்கி, பல்குச்சி குத்தித் தட்டில் அடுக்கினார். அந்தப் புகைநாற்றம் கடைக்குள் புகுந்து சீயக்காயிலும் சோப்பிலும் ஏறியது. மகிமா கல்லாவில் உட்கார்ந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எதிர் வரிசையில் கறிக்கடை வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டி முதல் ஆளாக வந்து ஒரு துண்டை வாயில் போட்டார். நான்கு முறை மென்றார். வெளியே போய்ச் சாக்கடையில் துப்பிவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, இதுக்குப் பேரு கறியா? நான் அஞ்சாறு நாள் லீவு போட்டு நிம்மதியாத் தூங்கலாம். எனக்கு ஒரு பயமும் இல்ல."

அடுத்து பேங்க்கில் வேலை பார்க்கும் சுபாஸ்ரீ வந்தாள். பிறந்ததிலிருந்து சைவம். பச்சைப் புள்ளியை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு ஒரு துண்டு எடுத்தாள். கடித்தவள் அப்படியே நின்றாள். முகம் வெளுத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கக் குழாய்க்கு ஓடினாள். மகிமா பின்னாலேயே போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அக்கா, இதுல கறி இல்லன்னு சத்தியமாச் சொல்லுங்க" என்றாள் சுபாஸ்ரீ, வாயைக் கொப்பளித்துக்கொண்டே.

"சத்தியமா இல்லம்மா."

"பெறகு ஏங்க்கா செத்தது மாதிரி நாறுது?"

கறி தின்கிறவருக்கு இது கறியாக இல்லை. தின்னாதவளுக்குக் கறியாகவே இருந்தது. மகிமாவுக்கு அந்த நேரத்திலும் ஆச்சரியமாக இருந்தது.

அவள் கல்லாவுக்குத் திரும்பியபோது சோணையம்மாள் நின்றிருந்தாள். மார்க்கையன்கோட்டைக்காரி. மாதம் ஒருமுறை புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரும்போதெல்லாம் இங்கேதான் சாமான் வாங்குவாள். அவள் புருஷனுக்கும் நெஞ்சில் அறுவை ஆகியிருந்தது. கையில் நான்கு பாக்கெட் வைத்திருந்தாள். வைகுண்டராஜ் எடுத்துக் கொடுத்திருந்தார்.

"தாயி, இது நெஞ்சுக்கு ஒண்ணும் செய்யாதுங்காக. எங்க வீட்டுக்காரரு கறி கறின்னு பிள்ளை மாதிரி அழுகுறாரு. நீங்க சாப்பிட்டீகளா? எப்படி இருந்துச்சு?"

வைகுண்டராஜ் இந்தப் பக்கம் திரும்பினார். ஜோயலும் பார்த்தார். ஒரு வார்த்தை பூசி மெழுகியிருந்தால் போதும்.

"நல்லா இல்லக்கா" என்றாள் மகிமா. "என்னால முழுங்க முடியல. துப்பிட்டேன். எண்ணெயும் உப்பும்கூட நெறைய இருக்கு, பின்னாடி போட்டிருக்கு பாருங்க. டாக்டரைக் கேக்காம குடுக்காதீக."

சோணையம்மாள் நான்கையும் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டாள்.

வைகுண்டராஜின் முகம் சுருங்கியது. "அக்கா, யாவாரம் பண்ற எடத்துல உக்காந்துக்கிட்டு இப்படிச் சொன்னா எப்படி?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அடுப்பை அணைத்தார். நாளைக்கே வண்டி அனுப்பிப் பிரீசரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் ஜோயல் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். மோருக்கு வந்தபோதுதான் மகிமா தொடங்கினாள்.

"கோவமா? உங்களுக்குக் கறி மேல இவ்வளவு ஏக்கம்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"எனக்கென்ன ஏக்கம்?" என்றார் ஜோயல். "எனக்கு ஆறு மாசத்துலயே விட்டுப்போச்சு. நீதான் எனக்காக வாயக் கட்டிக்கிட்டு இருக்க. கறிக்கடையத் தாண்டிப் போறப்பல்லாம் நீ தலையத் திருப்பிக்கிடுறத நான் பாக்கலையா? இதை நான் சாப்பிட்டா நீயும் கூட உக்காந்து சாப்பிடுவன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அந்தச் சனியன முழுங்கினேன். ராத்திரியெல்லாம் ஏப்பம்."

மகிமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"நீயும் கேக்கலையே."

அடுத்த ஞாயிறு ஜோயலே ஈஸ்வரபாண்டி கடையில் கால் கிலோ வாங்கி வந்தார். மகிமா அவளுக்கு மட்டும் சின்னச் சட்டியில் குழம்பு வைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்து இட்லியைச் சட்டினியில் தோய்த்தபடி, அவள் சாப்பிடுவதைப் பார்க்க ஆவலாக இருந்தார்.

இளங்கறி, நன்றாக வெந்திருந்தது. அவள் ஒரு துண்டை வாயில் வைத்து மென்றாள். இரண்டாவது மெல்லலில் நாக்கின் அடியிலிருந்து அந்தக் கருகல் புகை எழும்பி வந்தது. கறி பல்லுக்கடியில் பஞ்சாய் அமுங்கி எழும்புவதுபோலத் தோன்றியது. குமட்டியது. மெல்ல எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"என்ன ஆச்சு?"

"அந்தக் கருமம் இன்னும் வாய விட்டுப் போகல."

ஜோயல் சிரிக்கத் தொடங்கி இருமலில் போய் நின்றார். மகிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மாதம் காத்திருந்து கிடைத்த கறி. ஆத்திரத்தோடு எழுந்து சட்டியை மூடிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று முறை வாய் கொப்பளித்தாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டினிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.