முதலில் சந்தேகப்படும் ஆள்

மரியநாயகிக்கு எப்போதுமே யார்மேலும் முழு நம்பிக்கை கிடையாது. மார்கழி பிறந்தால் அது இன்னும் மோசம். கொழும்புத்துறையில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறப்புக்கு, கோயில் பங்கு இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பாலன் குடில்களைப் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். கொஞ்சக் காலமாக அந்தப் பரிசு, அவளுடைய காலமான கணவரின் தம்பி மனைவி துஷாந்தினி வீட்டுக்குப் போகிறது. போனால் போகட்டும். ஆனால் போன வருடம் மரியநாயகி குடிலுக்குள் தண்ணீர்க் கிணறு வைத்தாள். துஷாந்தினியும் கிணறு வைத்தாள். அதற்கு முந்திய வருடம் இவள் பனையோலைக் கொட்டில் போட்டாள். அங்கேயும் பனையோலைக் கொட்டில். ஒருமுறை என்றால் தற்செயல். திரும்பவும் நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாதா என்ன? துப்பறியும் நாவல்களைக் கரைத்துக் குடித்தவள். சமையல் முடிந்தால் கையில் புத்தகம். வாசித்து முடித்தது வேலிப் பொட்டால், ஆள் நுழையும் அந்த இடைவெளியால், பக்கத்து வீட்டு நிரோஜாவின் கைக்குப் போகும். நிரோஜா கோப்பாய்த் தோட்டக்காரர் வீட்டுப் பெண், சைவம், கல்யாணம் முடித்து இங்கே வந்தவள். அவள் விதைத்தால் கல்லும் முளைக்கும். அதனால் குடிலுக்குப் புல்லாக வைக்கிற குரக்கனை, அதாவது கேழ்வரகை, வருடாவருடம் தட்டில் முளைக்கவிடுவது அவள்தான். பின்னேரங்களில் இருவரும் பொட்டடியில் நின்று, கொலைகாரன் யாரென்று சண்டை பிடிப்பார்கள். நிரோஜா முதல் அத்தியாயத்திலேயே ஒருவனைப் பிடித்துவிடுவாள். மரியநாயகிக்குச் சிரிப்பு வரும்.

"முதல் சந்தேகப்படுற ஆள் ஒருநாளும் கள்ளன் இல்லை, பிள்ளை. உதுகூடத் தெரியாமலே வாசிக்கிறாய்?"

மகன் ஜெனிஸ்ரன் கனடாவுக்குப் போனபிறகு அவள் மனம்விட்டுக் கதைக்க இருந்தது அந்த நிரோஜா மட்டும்தான். ஆனால் குடிலின் இரகசியம் தெரிந்ததும் நிரோஜாவுக்கு மட்டும்தானே! இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. நிரோஜா செருப்பை மாட்டினால் போதும், மரியநாயகி யன்னல் சீலையை விலக்கிவிடுவாள். இடப்பக்கம் திரும்பினால் துஷாந்தினி வீடு. கடையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது; அதை யோசிக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

கடைசியில் பொறி வைத்தாள். இந்த முறை குடிலை ஒரு வள்ளத்துக்குள் கட்டப்போவதாக நிரோஜாவின் காதில் போட்டாள். மனதில் இருந்ததோ வேறு, அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகன் வீடியோவில் கேட்டபோதுகூட வள்ளம் என்றே சொன்னாள். பெற்ற பிள்ளையை யாராவது சந்தேகக் கணக்கில் சேர்ப்பார்களா?

ஒரு கிழமை போகவில்லை. துஷாந்தினி வீட்டு முற்றத்தில் பழைய வள்ளம் ஒன்றைக் கவிழ்த்துவைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் மரியநாயகிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நேரே பொட்டடிக்கு வந்து நிரோஜாவைக் கூப்பிட்டாள்.

"என்ரை வீட்டுக் கதையை ஊருக்குக் கொண்டுபோறவை இனி இந்தப் பொட்டாலை வரத்தேவையில்லை."

நிரோஜாவின் முகம் செத்துப்போனது. தான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை என்று ஒரேயொருமுறை சொன்னாள். மரியநாயகி கேட்கிற ஆளா! கள்ளர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். நிரோஜா உள்ளே போய்ப் பாதி வாசித்த நாவலை எடுத்துவந்தாள். அடையாளத்துக்கு மடித்திருந்த பக்கத்தை நிமிர்த்திவிட்டு நீட்டினாள். மறுநாள் நிரோஜா வீட்டுப் பக்கமிருந்து பொட்டை ஒரு தகரம் மறைத்திருந்தது.

பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம் இரண்டு நாள் நின்றது. அதற்குப் பிறகு பின்னேரங்கள் நகரமாட்டேன் என்றன. பயற்றம் பணியாரம் சுட்டபோது, பழக்கதோசத்தில் நிரோஜாவுக்கென்று ஒரு தட்டில் எடுத்துவைத்துவிட்டு, தன்மேலேயே எரிந்து விழுந்தாள்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது துஷாந்தினி தானாக வந்து கதை கொடுத்தாள். முகத்தில் கள்ளத்தின் நிழல்கூட இல்லை. இந்த முறை இரண்டு வீட்டிலும் வள்ளம்தானாமே என்று சிரித்தாள். யார் சொன்னது என்று மரியநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்கடை ஜெனிஸ்ரன்தான். அவனும் எங்கடை மகன் டிலக்சனும் அங்கை ஒரே அறையிலைதானே இருக்கினம். நீங்கள் மகனுக்குச் சொல்லுறதெல்லாம் அண்டைக்கே எனக்கு வந்திடும், அக்கா. கிணறும் அப்பிடித்தான் தெரியும்."

அடுத்த தெருவுக்குப் போகவேண்டிய கதை கனடா போய்த் திரும்பியிருக்கிறது. மரியநாயகி வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். ஐயோ, அந்தப் பிள்ளையை என்ன சொல்லிவிட்டேன் என்று வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

கோயிலுக்குக் கட்டிய சீலையோடேயே, ஒரு கையில் பணியாரத் தட்டும் மறுகையில் அந்த நாவலுமாக வெளிக்கிட்டாள். பொட்டு அடைபட்டிருந்ததால் தெருவால் சுற்றிப்போய்ப் படலையைத் தட்டினாள். பிழை முழுக்கத் தன்னுடையது, மன்னித்துக்கொள் என்று சொன்னாள். நிரோஜா பணியாரத்தை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் குரக்கன் தட்டு. பச்சைப் பசேலென்று, ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறாமல் வளர்ந்திருந்தது.

மரியநாயகியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புல்லை வாங்கிக்கொண்டு, மிச்சத்தையும் வாசியன் என்று புத்தகத்தை நீட்டினாள்.

"முதல் சந்தேகப்படுற ஆள் ஒருநாளும் கள்ளன் இல்லை எண்டு நீங்கள்தானே, அன்ரி, எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்?"

நிரோஜா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கவும் இல்லை.

மரியநாயகி புல்தட்டையும் புத்தகத்தையும் சுமந்துகொண்டு தெருவால் சுற்றி வீட்டுக்குப் போனாள்.