வெறுந்தலை ஸ்டேஷன்

"இன்னிக்கும் அதக் கழட்டத்தானே போறீக? பொறவு எதுக்கு இம்புட்டு நேரம் சுத்துதீக?"

அங்காளம்மாள் இப்படிக் கேட்டதும் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த மலைச்சாமியின் கை நின்றுவிட்டது. கான்ஸ்டபிள் மலைச்சாமிக்குப் பெண்டாட்டியிடம் எரிந்து விழுவது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இன்று கோபத்துக்கு முன்னால் காது சூடாயிற்று. யார் சொன்னது என்று கேட்டான்.

சப் இன்ஸ்பெக்டர் எலியேசரின் மனைவி அன்னாள்தான் கேட்டாளாம், போலீஸ் லைன் கிணற்றடியில். புருஷனுக்குச் சோறு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறாள். அவர் உள்ளே நுழைந்ததும் கான்ஸ்டபிள்கள் எல்லாரும் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்களாம். எல்லாருக்குமா ஒரே நேரத்தில் தலைவலி என்று அன்னாள் விசாரித்திருக்கிறாள்.

"அவ நக்கலுக்குக் கேக்கல. நெசமாவே தெரியாமத்தான் கேட்டா. எனக்குத்தான் பதில் சொல்ல நாக்கு எழும்பல" என்றாள் அங்காளம்மாள்.

ஸ்டேஷன் விவகாரத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று அதட்டிவிட்டு, கஞ்சியைக்கூடத் தொடாமல் மலைச்சாமி கிளம்பிப் போனான்.

அந்த ஸ்டேஷனின் பெயர் நமக்கு வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்குக் கைதியை நடத்தியே கூட்டிப்போகிற தூரத்தில், ராஜபாளையத்தில் புதிதாக வந்த மில்லின் சங்கு காற்றடிக்கும் நாளில் காதில் விழுகிற இடத்தில் இருந்தது என்று சொன்னால் போதும். அங்கே ஏட்டாக இருந்த எலியேசரைத்தான் சர்க்கார் தற்காலிகமாக சப் இன்ஸ்பெக்டர் ஆக்கியிருந்தது. நேற்றுவரை பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு இன்று சல்யூட் வைக்க வேண்டும். அதுவாவது பரவாயில்லை. அவர் கீழத்தெருவில் பிறந்தவர். அந்தத் தெருக்காரனுக்குக் கை தூக்குவதா என்பதுதான் அவரவர் ஊர் மேலத்தெருவில் பிறந்த கான்ஸ்டபிள்களின் தொண்டையில் சிக்கிய முள்.

ஸ்டேஷனில் மூத்தவரான ஐயாதுரை, கை அழுகினாலும் அழுகட்டும், தூக்கமாட்டேன் என்று சபதம் போட்டார். சபதம் போட்டால் வேலை போகும். அப்போது மலைச்சாமி ஒரு வழி சொன்னான். தலையில் தலைப்பாகை இருந்தால்தானே சல்யூட்? வெறுந்தலைக்காரன் விறைப்பாக நின்றால் போதும் என்பது டிரில் சட்டம். எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்னேன் என்று பின்னால் அவன் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கேட்டபோது தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே எலியேசர்தான். இருவரும் ஆலங்குளம் பக்கத்தில் ஒரே ஊர். ஒன்றாகப் போலீஸில் சேர்ந்து ஒன்றாகப் பயிற்சிக்குப் போனவர்கள். மலைச்சாமிக்கு டிரில் மண்டையில் ஏறாது. சாயங்காலங்களில் எலியேசர் அவனைக் கொட்டடிக்குப் பின்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால் அவன் அங்கிருந்தே ஊருக்கு மூட்டை கட்டியிருப்பான். அங்கே ஒரே பாயில் படுத்தார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பயிற்சி முடிந்து திரும்பிய ரயில் விருதுநகர் தாண்டியதும் மலைச்சாமி வேறு பெட்டிக்கு மாறி உட்கார்ந்துகொண்டான். எலியேசர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது சைக்கிள் மணி கேட்டதும் ஸ்டேஷனில் தலைப்பாகைகள் இறங்கிவிடும். கேட்டால் வியர்க்கிறது என்பார்கள். மார்கழிப் பனியிலும் அந்த ஸ்டேஷனில் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. எலியேசர் எல்லாம் புரிந்தும் பேசாமல் தம் அறைக்குள் போவார். மேலிடத்துக்கு எழுதலாம். எழுதினால், ஆட்களை அடக்கத் தெரியாதவனுக்கு எதற்கு இந்த உத்தியோகம் என்றுதான் கேட்பார்கள். சீக்கிரமே பெரிய அதிகாரி தணிக்கைக்கு வரவிருந்தார். ஸ்டேஷன் ஆட்கள் எலியேசரை மதிப்பதில்லை என்று அவர் கண்ணில் பட்டால் எலியேசர் பழையபடி ஏட்டு. ஐயாதுரை அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார்.

அன்று முற்பகலில் மலைச்சாமியின் அப்பா சுந்தரபாண்டியன் ஸ்டேஷனுக்கு வந்தார். சந்தைக்கு ஓட்டிவந்த ஒரு ஜோடிக் காளையை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி, வெள்ளை முண்டாசும் முறுக்கு மீசையுமாக வந்து நடு பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் வேலை பார்க்கும் ஸ்டேஷன் என்ற தைரியம். சப் இன்ஸ்பெக்டர் யார் என்று மலைச்சாமி ஊரில் சொல்லியிருக்கவில்லை. யாராவது கேட்டால் யாரோ ஒரு கிறிஸ்தவர் என்பான். எலியேசரின் அப்பா நேசையன் செத்த பிறகு அந்தக் குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டதால் ஊருக்கும் விவரம் தெரியாது.

அப்பாவை எப்படியாவது வெளியே கூட்டிப்போய்விட வேண்டும் என்று மலைச்சாமி எழுந்தான். அதற்குள் சைக்கிள் மணி கேட்டுவிட்டது. ஐயாதுரை தலைப்பாகையைக் கழற்றினார். மற்ற இருவரும் கழற்றினார்கள். மலைச்சாமியின் கையும் பழக்கத்தில் மேலே போய் அவனுடையதையும் இறக்கியது.

சுந்தரபாண்டியன் பார்த்தார். போலீஸ்காரர்களே தலைத்துணியை எடுத்துவிட்டு எழுந்து நிற்கிறார்கள் என்றால் வருவது எவ்வளவு பெரிய துரையோ என்று பதறிப்போனார். எழுந்தார். முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து நின்றார்.

எலியேசர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். சுந்தரபாண்டியன் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். நேசையனை உரித்து வைத்தது போன்ற முகம்.

எலியேசருக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கய்யா. முண்டாசக் கட்டிக்கிடுங்க. இங்க வாறவுக யாரும் அத அவுக்க வேண்டியதில்ல."

சுந்தரபாண்டியன் உட்காரவில்லை. முண்டாசை ஏனோதானோவென்று தலையில் சுற்றிக்கொண்டார். எலியேசர் காளைகளின் நிறம், கொம்பு, சுழி எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்து, அப்போதே ஒரு கான்ஸ்டபிளைச் சந்தைப்பேட்டைக்கு அனுப்பினார். வேறு ஒரு பேச்சும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று மலைச்சாமிக்குத் தோன்றியது.

வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் அப்பா மகனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஆளு தெரியாம அவுத்தேன். நீ ஆளத் தெரிஞ்சுகிட்டே தெனம் அவுக்கியேலே."

"அது மரியாதைக்கு இல்லய்யா. சல்யூட் வைக்கப்பிடாதுன்னுதான்..."

"சல்யூட்டு சர்க்கார் சட்டைக்கு வைக்கிறது. வச்சுட்டுப் போனா யாரு என்ன சொல்லப் போறா? தலைத்துணிய அவுத்தா அது யாருக்குலே?"

மலைச்சாமி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தை அவன் முன்பே பார்த்திருக்கிறான். சின்ன வயதில் அப்பாவோடு வரப்பில் போகும்போது, எதிரே வரும் நேசையன் சட்டென்று வயலுக்குள் இறங்கி, தலைத்துணியைக் கக்கத்தில் இடுக்கி, உச்சி வெயிலில் வெறுந்தலையோடு நிற்பார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நேசையனின் முகமே அப்படித்தான் என்று அவன் நினைத்திருந்தான். அதற்கு அவமானம் என்று பெயர் என்பது, அதையே தன் அப்பாவின் முகத்தில் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது பூமிக்குள் புதைந்துவிடலாம் போல் இருந்தது. அப்பாவோ தமக்கு நேர்ந்த அரைநாழிகை அவமானத்தைத்தான் நினைத்துப் பொருமினாரே தவிர, நேசையனை நினைக்கவில்லை.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அப்பா பேசியது ஐயாதுரைக்கும் கேட்டது, அறைக்குள் எலியேசருக்கும் கேட்டது.

மறுநாள் காலை சைக்கிள் மணி கேட்டதும் நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். ஐயாதுரை ஓடிப்போய் ஆணியில் மாட்டியிருந்த தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று சல்யூட் அடித்தார். அவருக்கும் ஊர் உண்டு, ஊரில் பேசுவதற்கு வாய்கள் உண்டு. கீழத்தெருக்காரனுக்குத் தலைத்துணி எடுத்தான் என்ற பேச்சு அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விடியவிடிய யோசித்திருப்பார் போல. மற்றவர்களும் அப்படியே. தணிக்கைக்கு வந்த பெரிய அதிகாரி, இந்த வட்டாரத்திலேயே ஒழுங்குள்ள ஸ்டேஷன் இதுதான் என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். எலியேசரின் உத்தியோகமும் நிரந்தரமாயிற்று.

எல்லாரும் சல்யூட் வைத்த அந்த முதல் நாள் மத்தியானம் மலைச்சாமி தனியாக அவர் அறைக்குள் போனான். சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலிருந்தே மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தான். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கையைத் தூக்கி சல்யூட் மட்டும் வைத்தான்.

"காலையிலயே வச்சிட்டியே மலைச்சாமி" என்றார் எலியேசர்.

"இது அது இல்ல சார். இது நானா வைக்கிறது."

எலியேசர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் எதுவும் இல்லை.

"எல்லாரும்தான் நல்லா வைக்கிறீக. ஒங்கய்யாகிட்டச் சொல்லிரு, இப்ப இங்க யாரும் தலைப்பாகையக் கழட்டுறதில்லன்னு."

சொல்லிவிட்டு எழுத்து வேலையில் குனிந்துகொண்டார். மலைச்சாமி கையை இறக்கினான். ஐயாதுரை வைத்ததும் இதே வலக்கையால்தான், இதே உயரத்தில்தான். தன்னுடையது வேறு என்று சொல்ல அவனிடம் ஒரு சாட்சியும் இல்லை. சாட்சி இல்லாத வழக்கு என்ன ஆகும் என்பது போலீஸ்காரனான அவனுக்குத் தெரியும்.