எங்க வூட்டு மெட்டு

பக்ருதீன் பாய் கிளாரினெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நைனா சினிமாவுல வாசிச்ச பாட்டு எதும்மா? பெட்டி தூக்குறதுக்கு முன்ன சொல்லிட்டா, போற வழில வாசிச்சிகினே போலாம்."

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த டெபோரா சொன்னாள். பேண்டு செட் முழுக்கத் தலையாட்டியது. அந்தப் பாட்டு தெரியாதவன் ராயபுரத்தில் யார்? கல்யாணத்துக்கும் வாசிப்பார்கள், சாவுக்கும் வாசிப்பார்கள்.

"அதுல எங்க வர்றான் ஃப்ரெடி?" என்றார் ஜார்ஜ் மாமா. பக்கத்து வீட்டுக்காரர், ஹார்பரில் கிரேன் ஓட்டியவர், அப்பா ஃப்ரெடியின் சின்ன வயசுத் தோஸ்து. காலையிலிருந்து சவப்பெட்டியின் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பாவை இதே கேள்வி கேட்டு ஆயுசு முழுக்க வம்புக்கு இழுத்தவர். "புல்லாங்குழல் கேக்குது, தபேலா கேக்குது. இவன் ஒருத்தன் மட்டும் என் காதுல வுழுந்ததே இல்ல. இப்ப ஒரேடியா பூட்டான்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

அப்பா சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தார்; வயலினுக்கு அண்ணன் மாதிரி, கொஞ்சம் பெரிசு, குரலும் கொஞ்சம் கனம். மேலே பாட்டு கர்நாடக ராகத்தில் வளைந்து நெளிந்து போகும். அடியில் செல்லோ மாதா கோயில் கொயரைப் போல நிறுத்தி நிதானமாக நடக்கும். நடுவில், இட்லி மாவில் உப்பைப் போல, வயோலா. தனியாக யார் காதிலும் விழாது.

ஆனால் வீட்டில் விழுந்ததெல்லாம் அது மட்டும்தான். ரெக்கார்டிங் முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றும்போதே தன் பகுதியை முணுமுணுப்பார். அம்மா இருதயம்மாளும் அதையே முணுமுணுத்தபடி மீன் கழுவுவாள். அதுதான் பாட்டு என்று டெபோரா நினைத்துவிட்டாள். நாலாவது படிக்கும்போது பாட்டின் வரிகளை அந்த மெட்டிலேயே வகுப்பில் பாடினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அழுதுகொண்டு வந்தவளை அப்பா மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவுங்களுக்குத் தெரிஞ்சதும் கரெக்டு, நீ பாடுனதும் கரெக்டு. ரெண்டும் சேந்தாதான்டி பாட்டு."

அன்றிலிருந்து டீக்கடையோ பஸ்ஸோ, அந்தப் பாட்டு எங்கே போட்டாலும் அவளுக்கு அப்பாதான் முதலில் கேட்பார். ஊருக்கே கேட்காதது தனக்குக் கேட்கிறது என்று கர்வம். இன்றைக்கு அந்தக் கர்வம் போதவில்லை. மண்ணுக்குள் போவதற்குள் ஒரு தடவையாவது இந்தத் தெரு அவரைக் கேட்டாக வேண்டும்.

"பாய், நீங்க மெட்ட வாசிங்க. சாக்ஸபோன்காரருக்கு நான் வேற ஒண்ணு சொல்றேன்."

"பாட்டு கலீஜாய்டப் போவுதும்மா."

"ஆவாது பாய். எங்க நைனா வாசிச்சது."

சாக்ஸபோன்காரர் ஃபர்ஹானை ஷாமியானாவுக்கு வெளியே அழைத்துப் போய்ப் பாடிக் காட்டினாள். அவர் மறுபடி மறுபடி பழைய மெட்டுக்கே போய்ச் சேர்ந்தார். அவளும் விடவில்லை. கடைசியில் பிடித்துவிட்டு, "இன்னாக்கா இது, உள்ளாற இன்னொரு பாட்டே கீது!" என்றார்.

கோயில் பூசை முடிந்து ஊர்வலம் கல்லறைக்குக் கிளம்பியது. கிளாரினெட் பாட்டை எடுத்தது. கீழிருந்து சாக்ஸபோன் வந்து சேர்ந்துகொண்டது. தெரிந்த பாட்டு திடீரென்று பெரிய பாட்டாகிவிட்டது. மாடிகளில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டெபோராவுக்கு அழுகையை மீறிப் பெருமை பொங்கியது. பாருங்கள், இவர்தான் எங்கள் அப்பா.

பெட்டிக்குத் தோள் கொடுத்திருந்த ஜார்ஜ் மாமா தலையைத் திருப்பினார். "இதா?"

"இதான் மாமா."

"இம்மா நாளும் இது அதுல கீதா?"

"கீது மாமா."

அவர் சாக்ஸபோன் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டே நடந்தார்.

மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஊர்வலமும் நின்றது. பாட்டு முடிந்திருந்தது.

"பாய், இன்னொரு தபா," என்றார் ஜார்ஜ் மாமா. "நீ வாணாம். அவன்து மட்டும்."

பக்ருதீன் பாய் கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். டிரம்காரரும் கையை எடுத்துவிட்டார். சாக்ஸபோன் மட்டும் தனியாக வாசித்தது.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா இருதயம்மாள் முணுமுணுக்க ஆரம்பித்தாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

முன்னால் லாரிகள் நகர்ந்து வழி விட்டன. பெட்டியைத் தூக்கியிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.