கயிறு கைமாறும்வரை

மகள் குள்ளம்மாளின் வாயைத் தீர்த்தம்மாள் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். கோழி கூவும் நேரத்தில் பச்சியப்பனின் மூச்சு நின்றிருந்தது. இப்போது வெயில் வாசலில் ஏறிவிட்டது. பெற்ற அப்பன் பிணமாகக் கிடக்கிறான், பெண் வாய்விட்டு அழக்கூடாதாம். என்ன பிழைப்பு இது!

"மாரப்பன் வந்து மாட்ட ஓட்டிக்கிட்டுப் போவட்டும். அப்பறம் அழுவு. நானும் அழுவறேன்."

"அப்பாவ வுட மாடு பெருசாம்மா?"

"பானையில ஒரு பிடி ராகி இருக்குதா, போய்ப் பாத்துட்டு வந்து கேளு."

உலகச் சண்டை நடக்கிற காலம். காசு கொடுத்தாலே ராகி கிடைப்பது பெரும்பாடு. இங்கே காசும் இல்லை. மழை பொய்த்து, சோளத்தட்டு தீர்ந்து, ஒற்றை மாடுதான் மிச்சம். போன சந்தையன்று காரிமங்கலத்தில் பச்சியப்பன் அதற்கு விலை பேசி, மாரண்டஹள்ளி மாரப்பனிடம் அச்சாரம் வாங்கியிருந்தான். விலை பேசி அச்சாரம் வாங்கிவிட்டால் மாடு கைமாறியது போலத்தான் என்று கோர்ட்டில் சொல்வார்களோ என்னவோ, இந்தப் பக்கம் அது செல்லாது. விற்றவன் தன் கையால் கயிறு கொடுக்க வேண்டும், வாங்குகிறவன் துண்டில் ஏந்த வேண்டும். அதுவரை மாடு செத்தால் நட்டம் விற்றவனுக்குத்தான். பங்காளி நஞ்சப்பனின் மாடு அச்சாரம் வாங்கிய மறுநாளே செத்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அழுகைச் சத்தம் வெளியே கேட்டால் இது எழவு வீடு. எழவு வீட்டு மாடு கருமாதி முடியும்வரை வாசல் தாண்டாது. இந்த மாடு அதுவரை தாங்காது. இப்போதே விலா எலும்பை எண்ணிவிடலாம்.

மாரப்பன் வந்தான். மாட்டின் பல்லைப் பார்த்தான், கொம்பைத் தடவினான்.

"எங்கம்மா, அண்ணனக் காணோம்?"

"காச்சலுங்க. எந்திரிக்க முடியல. நானே கயிறு குடுத்துடறேன்."

"அதெப்படிம்மா? பேசுனது அவருகிட்ட. படுத்துக்கிட்டே குடுக்கட்டும், பரவால்ல. நாளைக்கு உங்க பங்காளிங்க வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

தீர்த்தம்மாள் மாட்டை நிலைப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கயிற்றின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கம்பளிக்குள் பச்சியப்பனின் விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. இடுக்கில் கயிற்றைச் செருகினாள். இந்த ஒரு வேலையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்யா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

மாரப்பன் நிலைப்படிக்கு வெளியே துண்டை ஏந்தி நின்றான். "குடுண்ணே," என்று கயிற்றை மெல்ல இழுத்தான். வரவில்லை. சற்று வேகமாக இழுத்தான். கயிற்றோடு கையும் வந்தது. முழங்கை மடங்காமல், விறகுக்கட்டை மாதிரி கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டது.

குள்ளம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். தீர்த்தம்மாள் ஓடிப்போய் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கயிறு தரையில் விழுந்தது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள். மாரப்பனின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவன் அந்தக் கையைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து கயிற்றைத் துண்டில் வாங்கினான். மடியிலிருந்த பணத்தை எடுத்து நிலைப்படியில் வைத்தான்.

"எனக்கும் உழவுக்கு வேற மாடு கெடைக்கல," என்றான் தாழ்ந்த குரலில். "கயிறு வந்துடுச்சு, மாடு என்னுது. ஆனா ஒண்ணும்மா. நான் ஏரிக்கரையத் தாண்டி மறையற வரைக்கும் சத்தம் காட்டாதீங்க. எழவு வூட்டு மாடுன்னு தெரிஞ்சா எங்கூட்டுல கட்டுத்தறிக்கே சேத்த மாட்டாங்க."

மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நீட்டிக்கொண்டிருந்த கையைத் தீர்த்தம்மாள் கம்பளிக்குள் தள்ளிப் பார்த்தாள். அது அடங்கவில்லை. அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இப்ப அழுவலாமா?"

கையைப் பதனமாக இறக்கி வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். ஏரிக்கரை மேல் மாடு நான்கு காலையும் ஊன்றி நின்றிருந்தது. மாரப்பன் முன்னால் நின்று இழுத்தான், பின்னால் போய் வாலை முறுக்கினான். அது நகரவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியபடி நின்றது.

"இன்னுங் கொஞ்சம் பொறு," என்றாள் தீர்த்தம்மாள்.