அணையாத விளக்கும் அசையாத வண்டியும்

“ஒரு அறுவடை ஓட்டிப் பாக்குறேன். வண்டி சோறு போட்டா இங்க இருப்பேன். இல்லன்னா திரும்ப சிங்கப்பூரு. நீ என்ன சொல்ற?”

“நான் என்ன சொல்றது? உங்க இஷ்டம்.”

“எப்பக் கேட்டாலும் இதே பதில்தானா?”

“நீங்க எப்பவும் முடிவு பண்ணிட்டுத்தானே கேக்குறீங்க.”

பழைய பிக்கப் வண்டி ஒன்றை விலை பேசி முடித்த அன்று, குந்தவைக்கும் அவள் கணவன் இளஞ்செழியனுக்கும் நடந்த பேச்சு இது. அதற்குப் பிறகு அவள் அதை மனதுக்குள் எத்தனையோ முறை திருத்திப் பார்த்துவிட்டாள். ‘உங்க இஷ்டம்’ என்ற இடத்தில் ‘போகாதீங்க’ என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமான புதிதில் அவன் முதல் தடவை விமானம் ஏறியபோதே சொல்லியிருக்கலாம். ஆனால் கெஞ்சி நிறுத்திவைத்த புருஷன் என்று ஆகிவிடுமே என்று அவளுக்கு ரோஷம். தானாக அவனுக்குத் தோன்றட்டும் என்று காத்திருந்தாள். அவனுக்கு எல்லாம் தோன்றும். அது மட்டும் தோன்றாது.

சம்பா அறுவடை ஆரம்பித்தது. பூதலூர்ப் பக்கத்துக் களங்களில் எல்லாம் நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போகக் காத்துக் கிடந்தன. வேலைக்குக் குறைவில்லை, வண்டிதான் வேலைக்கு வரவில்லை. பகலெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கும். ராத்திரி நிறுத்திவைத்தால், காலையில் சாவியைத் திருகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். பேட்டரியில் வண்டியைக் கிளப்பும் அளவுக்குத் தெம்பு இருக்காது.

ஆகவே தினமும் காலையில் தெருவே கூடி வண்டியைத் தள்ளியது. தேர் இழுப்பவர்களுக்குக்கூட வருஷத்தில் ஒரு நாள்தான். தள்ளிய ஒவ்வொருவரும் கையைத் தட்டிக்கொண்டே ஒரு காரணத்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். சும்மா தள்ளியவர்கள் ஆயிற்றே, அதையாவது கேட்டுக்கொள்ள வேண்டாமா?

இளஞ்செழியனின் சித்தப்பா சாரங்கபாணி மட்டும் ஒருநாளும் தள்ளியதில்லை. கூடவே நடந்து வந்தார்.

“டைனமோதான்டா. நான் அப்பவே சொன்னேன்.”

எப்போது சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. டைனமோவைக் கழற்றிப் பார்த்ததில் அது நன்றாகவே இருந்தது. “அப்ப பேட்டரி. அதையும்தான் சொன்னேன்” என்றார். புதுப் பேட்டரி வந்தது. மறுநாள் காலை அதுவும் ‘டிக்’.

மாமியார் கமலாம்பாள் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். “நம்ம குலசாமி வீரனாரே வண்டி மேல உக்காந்திருக்காரு. அவரையும் மீறி கண்ணு பட்டிருக்குன்னா, எப்பேர்ப்பட்ட கண்ணு பாரு!” என்று எதிர்வீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

இளஞ்செழியன் யார் கண்ணையும் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் அவன் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். ஊருக்கு அது தெரியும் என்பதுதான் பெரிய அவமானம்.

“சிங்கப்பூரு ஏஜெண்டு போன் பண்ணினான். இன்னிக்கு ஆஸிம் பாய் வர்றாரு. அவராலயும் முடியலன்னா, சாயங்காலம் சரின்னு சொல்லிடப் போறேன்” என்றான்.

“சரிங்க” என்று குந்தவையின் வாய் மட்டும் சொன்னது.

ஆஸிம், பூதலூரில் வண்டி வயரிங் கடை வைத்திருக்கும் கூத்தாநல்லூர்க்காரர். பேட்டரி ஒயரைக் கழற்றி, நடுவில் ஒரு சோதனை பல்பைக் கோத்தார்.

“எல்லாத்தையும் ஆஃப் பண்ணியாச்சுல்ல, தம்பி?”

“எல்லாம் ஆஃப், பாய்.”

பல்பு பளிச்சென்று எரிந்தது. “எதுவோ உக்காந்து குடிக்குது” என்றார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவித் துண்டில் வைத்தார். குடிக்கிற ஃபியூஸை உருவினால் பல்பு அணைய வேண்டும். கடைசி ஃபியூஸையும் உருவியாயிற்று. பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

“அதான் சொன்னேனே, டைனமோ” என்றார் சாரங்கபாணி.

யோசனையோடு ஆஸிம் சோதனை பல்பை எடுத்தார். அடுத்த கணம், அப்போதுதான் வீட்டு வாசலுக்கு வந்த கமலாம்பாளின் அலறல் கேட்டது.

“ஐயையோ, வீரனாரு விளக்கு அணைஞ்சுபோச்சு! மாட்டுங்க, உடனே மாட்டுங்க!”

பதறிப்போய் ஒயரைப் பழையபடி மாட்டினார். கேபின் தலைக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் குலதெய்வம் வீரனார் ஜகஜ்ஜோதியாக எரிந்தார். உள்ளே நான்கு இண்டிகேட்டர் பல்புகள். அந்த வெளிச்சத்தில்தான் எதிர்வீட்டுக்காரி ராத்திரியில் அரிசி புடைத்தாள்.

ஆஸிம் பெட்டியைப் பார்த்தார். கமலாம்பாளைப் பார்த்தார். “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்று குந்தவையிடம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “அது உங்க சாமி விஷயம் தங்கச்சி. நான் வாயத் தொறந்தா நல்லா இருக்காது.”

குந்தவை கணவனிடம் திரும்பினாள். “அந்த விளக்க எதுல கோத்தீங்க?”

“நேரா பேட்டரியில. சாவிய எடுத்தாலும் அணையக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.”

“எல்லாம் ஆஃப்னீங்களே?”

“அது சாமி விளக்குடி. அதப் போயி யாரு கணக்குல சேப்பாங்க?”

இவர் விட்டு வந்ததில் கப்பல் பட்டறை பிழைத்தது என்று நினைத்துக்கொண்டாள் குந்தவை.

“ராத்திரிக்கு மட்டும் அணைக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் போட்டுக்கலாம் அத்தை.”

“எக்காரணம் கொண்டும் கூடாது!” கமலாம்பாள் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். “வீரனாருக்கு நேந்துகிட்டிருக்கேன்.”

“என்னன்னும்மா?” என்றான் மகன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இந்த விளக்கு எரியுற வரைக்கும், எம்புள்ள விமானம் ஏறக் கூடாதுன்னு.”

விளக்கு எரிவதால் வண்டி ஓடவில்லை. வண்டி ஓடாததால் பிள்ளை விமானம் ஏறப் போகிறான்.

“இத எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?”

“கட்டுனவளே வாயத் தொறக்கல. நான் யாருடா சொல்றதுக்கு?”

குந்தவைக்குச் சுருக்கென்றது. மாமியார் என்றைக்கும் குத்திக்காட்டத்தான் பேசுவாள். இன்றைக்கு அதில் பொய் இல்லை.

“நான் அப்பவே...” என்று ஆரம்பித்தார் சாரங்கபாணி.

“சின்ன மாமா, கொஞ்சம் சும்மா இருங்க.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஆஸிம் ஒயரைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரி முறத்தோடு படியில் வந்து நின்றாள். நிற்கட்டும்.

“என்னங்க, இந்த வண்டி ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி. போகாதீங்க. எங்கூட இங்கயே இருங்க.”